மேடைக்கும் சுவருக்கும் மெல்லிசான வேட்டைத் துவக்கு மாதிரி: திட்டம் போடுறதில இருந்து எண்ணெய் பூசுறது வரைக்கும் முழு வழிகாட்டி

முதல்ல ஒரு விசயத்தை தெளிவா சொல்லிடுறன். இது வெடிக்கிற துவக்கு செய்யிற கதை இல்ல. குழல் முழுக்க கட்டி மரம், உள்ளுக்கு ஓட்டை கிடையாது, லொக் (கல்லால பொறி தட்டி வெடிக்க வைக்கிற பகுதி) வெறும் ஒப்புக்கு. இலங்கையில 1916ஆம் ஆண்டு சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கு, லைசன்ஸ் இல்லாம துவக்கு செய்யிறதும் வச்சிருக்கிறதும் குற்றம், அதுக்கு மேல காட்டுப்பக்கம் கட்டுத்துவக்கால மனுசரும் மிருகங்களும் சாகிறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதால யாராச்சும் "பைப் ஒண்டு போட்டா இன்னும் ரியலா இருக்குமே" எண்டு சொன்னா கேக்காதீங்க. இரும்பு பைப்பும் வேணாம், பிவிசி பைப்பும் வேணாம். பைப் போட்டா பொலிஸ்காரர் பார்வையில அது வேற சாமான், அது ஒண்டு. மற்றது, பைப் போட்ட துவக்கு பார்க்க எப்பவும் தண்ணிக்குழாய் மாதிரியே இருக்கும், ஏனெண்டு பழைய குழல் ஒண்டும் ஒரே பருமனில போறதில்ல.

கொழும்பில தமிழ்த்தின போட்டிக்கு வன்னி மன்னன் பண்டாரவன்னியன் நாடகம் போடாத வருசம் குறைவு. 1803இல முல்லைத்தீவு கோட்டையை பிடிச்ச கதை, வெள்ளைக்காரப் படை கப்டன் ட்ரிபேர்க் வந்து அவனை கற்சிலைமடுவில தோற்கடிச்ச கதை, இதுக்கு வெள்ளைக்கார சிப்பாய் வேணும், சிப்பாய்க்கு துவக்கு வேணும். அங்கதான் கூத்து நடக்கும். ரெண்டுக்கு ரெண்டு சட்டத்தை அறுத்து கறுப்பு பெயின்ற் அடிச்சு கையில குடுத்திடுவாங்க, பிள்ளை அதை உலக்கை மாதிரி தூக்கிக்கொண்டு நிக்கும். வன்னிக் காட்டில போற வேட்டைக்காரன் கையிலயும் அதே சாமான்தான். உண்மையில சிப்பாயின்ர துவக்கும் வேட்டைக்காரன்ர துவக்கும் ரெண்டு சாதி. பிரிட்டிஷ் படை 1797இல எடுத்துக்கொண்ட இந்தியா பற்றன் மஸ்கட் எண்ட சிப்பாய்த் துவக்கு 39 இன்ச் குழல், 0.75 இன்ச் வாய், பாரம் 4 கிலோவுக்கு மேல, ஏனெண்டா அது முனையில கத்தி பூட்டி குத்தவும் திருப்பி அடிக்கவும் செய்த சாமான். வேட்டைத் துவக்கு அப்பிடி இல்ல, நாள் முழுக்க தோளில காவிக்கொண்டு நடக்கோணும், பறக்கிற பறவைக்கு பின்னால சட்டெண்டு திரும்போணும், அதால 3 கிலோ பக்கமா நிப்பாட்டுவாங்க, சிலது அதுக்கும் குறைய. அந்த மெல்லிசு எங்க இருந்து வருது எண்டு பிடிபட்டா நாங்க மரத்தில செய்யிற மாதிரியும் அழகா வரும், பிடிபடாட்டி எவ்வளவு செதுக்கினாலும் உலக்கைதான். நான் இதை எழுதுறதே அதுக்குத்தான்.

எந்தத் துவக்கு எண்டு முடிவெடுங்க

வாய்வழியா மருந்து போட்டு இடிக்கிற, உள்ளுக்கு வரி வெட்டாத வழுவழுப்பான குழல் வச்ச வேட்டைத் துவக்கில கனவகை இருக்கு. பிரெஞ்சுக்காரர் தூல் எண்ட ஊரில செய்த வேட்டைத் துவக்கு நீளமான குழலும், கீழ்ப்பக்கம் வளைஞ்சு மாட்டுக் குளம்பு மாதிரி முடியிற சோங்குமா (தோளில வைக்கிற பின்கட்டை) இருக்கும். ஹட்சன்ஸ் பே கொம்பனி வட அமெரிக்காவில தோலுக்கு மாத்தி வித்த துவக்கில இடதுபக்கத் தகடு பாம்பு உருவத்தில இருக்கும், கொஞ்சம் எளிமையான வேலை. ஆங்கிலேயரின்ர பறவைத் துவக்கு இதுகளை விட அடக்கமா நேர்கோடா இருக்கும். முதல்தரம் செய்யிறவங்களுக்கு நான் சொல்றது ஆங்கிலேய கோடுதான், வளைவு குறைவு, பிழை விட்டா திருத்த இடமிருக்கு.

நம்மட நாட்டுத் துவக்கு செய்ய ஆசை எண்டா அது தனி உலகம். கண்டிப் பக்கத்து பழைய துவக்குகளில லொக் இடதுபக்கம் இருக்கும், சோங்கு நுனி ரெண்டா பிளந்து சுருண்டு நிக்கும், உடம்பு முழுக்க கொடிவேலை. பார்த்தா கை துறுதுறுக்கும், ஆனா முதல் வேலையா அதில கை வைக்காதீங்க. போய் பாருங்க மட்டும். கொழும்பு 7இல 1877இல திறந்த தேசிய நூதனசாலை இருக்கே, பள்ளிக்கூட ட்ரிப்புக்கு பிறகு எங்கட ஆக்கள் பாதிப்பேர் அந்தப்பக்கமே போறதில்ல. 1765இல ஒல்லாந்தர் கண்டியில இருந்து தூக்கிக்கொண்டு போன கண்டி அதிகாரி லெவ்கே திசாவையின்ர பீரங்கி 2023 டிசம்பரில நெதர்லாந்தில இருந்து அங்க திரும்பி வந்த சாமான்களில ஒண்டு, அதோட ரெண்டு மகா துவக்கும் வந்தது. அதுகள் மதில்ல வச்சு சுடுற பெரிய சாதி, வேட்டைத் துவக்கில்ல, எண்டாலும் அந்தக் காலத்து கொல்லன் வேலை எப்பிடி எண்டு கண்ணால பார்க்கலாம்.

பார்க்கிறதிலயும் ஒரு முறை இருக்கு. எல்லாரும் பக்கவாட்டில மட்டும்தான் பார்ப்பாங்க, போட்டோவும் அப்பிடித்தான் எடுப்பாங்க. நீங்க மேல இருந்து பாருங்க, வாய்ப்பக்கம் நிண்டு நேர பாருங்க. மேல இருந்து பார்க்கேக்கதான் தெரியும் முன்கட்டை (குழலைத் தாங்குற முன்பக்க மரம்) எவ்வளவு ஒல்லி எண்டு, குழலுக்கு ரெண்டு பக்கமும் மரம் ஓரமா ஒட்டிக்கொண்டு மட்டும்தான் நிக்கும். கைபிடிக்கிற கழுத்து ஒரு பொம்பிளை கையால வளைச்சுப் பிடிக்கிற அளவுதான்.

தாளில துவக்கு

இந்தப் படியை தாண்டிப் போனா மிச்சம் வாசிக்க வேண்டாம். உண்மை அளவில படம் கீறோணும், சின்னதா கீறி பிறகு பெருப்பிக்கிறது சரிவராது. கொப்பிக்கு உறை போடுற பிரவுன் பேப்பர் ரோல் ஒண்டு வாங்கி 5 அடிக்கு வெட்டி தரையில விரிச்சு நாலு மூலைக்கும் பாரம் வையுங்க.

முதல் கோடு குழலின்ர நடுக்கோடு, நேரா, ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு. இதுதான் தாய்க்கோடு, எல்லா அளவும் இதில இருந்துதான். குழல் நீளம் 42 இன்ச் எண்டு வையுங்க. பின்முனையில 30 மில்லிமீற்றர் பருமன், வாயில 20 மில்லிமீற்றர். இடையில நேர்கோடா இறக்காம முதல் 12 இன்ச்சுக்குள்ள வேகமா மெலிஞ்சு பிறகு மெதுவா போற மாதிரி கீறுங்க, பழைய குழலெல்லாம் அப்பிடித்தான், அடியிலதான் அழுத்தம் கூட எண்டபடியா அங்க சதை கூட, போகப்போக குறைச்சிடுவாங்க. வாய் அளவைப் பற்றியும் ஒரு சின்ன விசயம், நாங்க காட்டப்போறது 20 போர் (bore) வாய்: 20 போர் எண்டா ஒரு இறாத்தல் ஈயத்தில அந்த வாய்க்கு சரியான உருண்டை 20 வார்க்கலாம் எண்டு அர்த்தம், அது 0.615 இன்ச், 15.6 மில்லிமீற்றர். இலக்கம் கூடக்கூட வாய் சின்னனாகும், 24 போர் 20 போரை விட ஒடுக்கம். எங்களுக்கு இது ஏன் எண்டா வாயில கறுப்பா ஒரு வட்டம் காட்டப்போறம், அந்த வட்டம் சரியான அளவா இருந்தாத்தான் குழலின்ர சுவர் மெல்லிசா தெரியும். குட்டியா ஒரு ஓட்டை போட்டா பார்க்கிறவனுக்கு உடனே மரக்கட்டை எண்டு தெரிஞ்சிடும்.

குழலின்ர பின்முனையில இருந்து ஒண்டரை இன்ச் பின்னால, நடுக்கோட்டுக்கு கீழ விசை. விசையில இருந்து சோங்கின்ர பின்தட்டு வரைக்கும் வளர்ந்த ஆளுக்கு பதின்மூண்டரை இன்ச், எட்டாம் ஒன்பதாம் வகுப்பு பிள்ளைக்கு 12 இன்ச் காணும். இதை பிள்ளையின்ர கையை வச்சே பார்க்கலாம், முழங்கையை மடிச்சு உள்பக்கத்தில இருந்து விசைவிரல் முதல் மடிப்பு வரைக்கும் அளந்தா கிட்டத்தட்ட அந்த அளவு வரும். மொத்தம் 57 இன்ச், நாலேமுக்கால் அடி.

அடுத்தது இறக்கம். சோங்கு நடுக்கோட்டில இருந்து எவ்வளவு கீழ இறங்குது எண்டதுதான் துவக்கின்ர முகவெட்டு. கன்னம் வைக்கிற இடத்தில குழலின்ர மேல்விளிம்பில இருந்து ஒண்டேமுக்கால் இன்ச், பின்தட்டு மேல்நுனியில ரெண்டேமுக்கால் இன்ச். சினிமாவில வர்ற மாதிரி நேரா வச்சா இப்பத்தைய ரைபிள் மாதிரி ஆகிடும், கூட இறக்கினா வாழைப்பழம். பின்தட்டு உயரம் நாலரை இன்ச்சுக்குள்ள நிப்பாட்டுங்க, அகலம் ரெண்டு இன்ச்சை தாண்ட விடாதீங்க.

கழுத்து உயரம் ஒண்டரை இன்ச், அகலம் அதை விட கொஞ்சம் குறைய. இங்கதான் எல்லாரும் பயந்து மரத்தை விட்டிடுறது. முறிஞ்சிடும் எண்டு பயம். நார் சரியா ஓடினா முறியாது, அதைப் பற்றி கீழ சொல்றன்.

குழலுக்கு கீழ இடிதடி (மருந்தை இடிக்கிற தடி) ஓடுற வாய்க்கால் இருக்கு. குழலுக்கும் தடிக்கும் இடையில எவ்வளவு மரம் விடுறீங்க எண்டதுதான் முன்கட்டையின்ர உயரத்தை தீர்மானிக்குது. 3 மில்லிமீற்றர் போதும். இதில 8, 10 எண்டு விட்டா முன்கட்டை வயிறு வச்சிடும், பிறகு லொக்கும் விசைக்காப்பும் அதுக்கு ஏத்தமாதிரி கீழ இறங்கும், பிறகு சோங்கும் பெருக்கும். மெல்லிசான துவக்கு தொடங்கிறது இந்த 3 மில்லிமீற்றரிலதான், செதுக்கிறது எல்லாம் அதுக்குப் பிறகு.

பக்கப்படம் முடிய அதுக்கு கீழயே மேற்படமும் கீறுங்க. பிறகு ஆறு இடத்தில குறுக்கு வெட்டுப்படம்: வாய் பக்கம், முன்கட்டை நடு, லொக்குக்கு முன்னால, கழுத்து, கன்னம், பின்தட்டு. இதை மட்டையில வெட்டி அச்சா வச்சுக்கொள்ளுங்க, செதுக்கேக்க மரத்தில வச்சு வச்சு பார்க்கிறதுக்கு. படத்தை சுவரில ஒட்டி ரெண்டு நாள் போக வர பாருங்க. எங்கயாச்சும் கண் தடக்குப்பட்டா அங்கதான் பிழை.

பாரக் கணக்கு

மரம் வாங்க முதல் பென்சில் எடுத்து கணக்கு போடலாம். மேல சொன்ன குழல் கிட்டத்தட்ட 530 கன சென்ரிமீற்றர். தேக்கு ஒரு கன சென்ரிமீற்றர் 0.65 கிராம் அளவு, அப்ப குழல் 350 கிராம். முதிரையில செய்தா 500 கிராம் வரும். கட்டை பகுதி ஒழுங்கா மெலிச்சா 1500 கன சென்ரிமீற்றர் சொச்சம், தேக்கில ஒரு கிலோ, மகோகனியில அதை விட குறைய. பித்தளை சாமான்களோட மொத்தம் ஒண்டரை கிலோ பக்கம் நிக்கும், உண்மையான வேட்டைத் துவக்கின்ர அரைவாசி. இனி, சுத்திவர 3 மில்லிமீற்றர் மட்டும் கூட விட்டுட்டீங்க எண்டு வையுங்க, கட்டையின்ர மேற்பரப்பு பெரிசு எண்டபடியா கால் கிலோவுக்கு மேல ஏறிடும். கண்ணுக்கு 3 மில்லிமீற்றர் தெரியாது, கைக்கு கால் கிலோ நல்லாத் தெரியும்.

ஒரு தந்திரம் இருக்கு. மெல்லிசா வரோணும் எண்டு குழலை லேசான மரத்தில, லுனுமிதெல்ல மாதிரி ஒண்டில செய்துட்டா துவக்கு பின்பாரமாகும், பிள்ளை தூக்கேக்க வாய் மேல போகும், பார்க்கவே பொய்யா இருக்கும். உண்மையான துவக்கு லொக்குக்கு கொஞ்சம் முன்னால விரல் வச்சா சமமா நிக்கும். அதால பாரமான மரத்தை குழலுக்கும் லேசான மரத்தை கட்டைக்கும் போடுங்க, மறுவளமா செய்யாதீங்க. முதிரை குழலும் மகோகனி கட்டையும் எனக்கு பிடிச்ச சோடி. முதிரை புதுசா வாங்க காசு பிடிக்கும், ஆனா பழைய வீடு உடைக்கிற இடத்தில கதவுநிலை, யன்னல் சட்டம் கிடைக்கும், நாலு அடி நீளத்தில வெடிப்பில்லாத ஒண்டு தேடினா போதும், நல்லா காய்ஞ்சும் இருக்கும்.

கட்டைக்கு 5 அடி நீளம், 7 இன்ச் அகலம், 2 இன்ச் தடிப்பில பலகை. மொரட்டுவைப் பக்கம் மரக்காலைகளில கேட்டா காட்டுவாங்க, படத்தையும் கையோட கொண்டுபோங்க, பலகைக்கு மேல அதை வச்சு பார்த்துத்தான் வாங்கோணும். பார்க்க வேண்டியது நிறமோ பளபளப்போ இல்ல, கழுத்து வர்ற இடத்தில நார் எந்தப்பக்கம் ஓடுது எண்டது. கழுத்து கீழ சரியிற அதே சரிவில நாரும் சரிஞ்சு ஓடினா கல்லு மாதிரி. நார் கழுத்தை குறுக்க வெட்டிப் போனா அந்தப் பலகை எவ்வளவு வடிவா இருந்தாலும் வச்சிட்டு வாங்க. பலாவும் நல்ல மரம்தான், மஞ்சள் நிறம் நாளடைவில பழுப்பா மாறும், ஆனா நார் குழம்பியிருந்தா உளி பிச்சுக்கொண்டு வரும்.

பலகை வந்த உடனே வெட்டாதீங்க. கொழும்பு காத்தில ஈரம் கூட, கடல்பக்கம் சொல்லவே வேணாம், இங்க வெளியில கிடக்கிற மரம் 15 சதவீத ஈரத்துக்கு கிட்ட நிக்கும். அதை வெட்டி செய்து ஏசி மண்டபத்தில நாலு நாள் வச்சா சுருங்கி முன்கட்டை வளையும். வீட்டுக்குள்ள, நிழலில, நிலத்தில முட்டாம குறுக்குச்சட்டம் போட்டு ரெண்டு மூண்டு கிழமை விட்டுட்டு தொடங்குங்க.

குழல்

முதிரைச் சட்டத்தை முதல்ல சதுரமா, மெலிஞ்சு போற சதுரமா சீவுங்க. நடுக்கோட்டை நாலு பக்கமும் கீறி வச்சிருக்கோணும். பிறகு எட்டுப்பக்கம் ஆக்கிறது. அகலத்தை 24 பங்கா எண்ணி, ஒரு ஓரத்தில இருந்து 7 பங்கிலயும் 17 பங்கிலயும் கோடு கீறினா மூலையை எது வரைக்கும் சீவோணும் எண்டு தெரியும். 7, 10, 7. கப்பல் பாய்மரம் செய்யிறவங்க பாவிக்கிற கணக்கு இது. ஒரு சின்னக் கட்டையில ரெண்டு ஓரத்துக்கு ரெண்டு ஆணியும் இடையில 7இலயும் 17இலயும் ரெண்டு பென்சில் முனையும் பூட்டி, சரிச்சுப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனா சட்டம் மெலியிற இடமெல்லாம் கோடும் தானாவே ஒடுங்கிக்கொண்டு போகும், ஒவ்வொரு இடமா அளக்கத் தேவையில்ல.

பின்பக்க 12 இன்ச் எட்டுப்பக்கமாவே விடுங்க. அங்க ஒரு வளையம், ரெண்டு மில்லிமீற்றர் உயர்ந்த வரம்பு மாதிரி, அதுக்கு முன்னால முழுக்க உருண்டை. எட்டை பதினாறாக்கி, பதினாறை முப்பத்திரண்டாக்கி, பிறகு சேன்ட் பேப்பரை நீளப்பட்டியா கிழிச்சு சப்பாத்து மினுக்கிற மாதிரி இழுத்தா உருண்டிடும். வாயில 15.6 மில்லிமீற்றர் அளவில ஒரு பள்ளம், ஆழம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல வேண்டாம், உள்ளுக்கு மங்கல் கறுப்பு அடிச்சா தூரத்தில இருந்து ஆழமா தெரியும்.

கட்டை

பக்கப்படத்தை பலகையில ஒட்டி வெட்டுறதுக்கு பேண்ட் சோ இருக்கிற தச்சுப்பட்டறையில ஒரு பாஸைப் பிடிச்சா கொஞ்ச நேர வேலை, கைவாளால எண்டா ஒரு பின்னேரம் போகும். கோட்டுக்கு வெளியில 2 மில்லிமீற்றர் விட்டு வெட்டச் சொல்லுங்க, சில பாஸ்மார் கோட்டுக்கு மேலயே ஓட்டிடுவாங்க, பக்கத்தில நில்லுங்க.

வெளியை செதுக்க முதல் குழல் படுக்கிற வாய்க்காலை எடுக்கோணும், பலகை இன்னும் சதுரமா இருக்கேக்கதான் பிடிக்க வசதி. குழலை மேல வச்சு ரெண்டு பக்கமும் கூர்க்கத்தியால கீறி, குடைவுளியால கொஞ்சம் கொஞ்சமா. குழலின்ர அடியில விளக்குக் கரியை எண்ணெயில குழைச்சு மெல்லிசா பூசி, வாய்க்காலில வச்சு அமத்தி எடுத்தா எங்க தட்டுதோ அங்க கறுப்பு ஒட்டியிருக்கும், அதை மட்டும் சுரண்டுங்க. திரும்ப வையுங்க, திரும்ப சுரண்டுங்க. சலிப்பான வேலைதான், ஆனா குழலுக்கும் மரத்துக்கும் இடையில மயிர் போற இடைவெளி இல்லாம வந்தா மிச்சம் எல்லாம் தானா அழகாகும். குழல் அரைவாசி அமரோணும், அரைவாசி வெளியில தெரியோணும், கூட அமத்தினா குழல் மூழ்கிப்போன மாதிரி இருக்கும்.

வாய்க்கால் முடிய இடிதடி வாய்க்கால், முன்பாதி திறந்ததா, பின்பாதிக்கு துளை வேண்டாம், தடியை அந்த இடத்தில வெட்டி ஒட்டிவிட்டா போதும். மேடையில யாரும் உருவிப் பார்க்கப்போறதில்ல.

இனி வெளி. முதல்ல மேற்படத்தின்படி ரெண்டு பக்கத்தையும் இறக்குங்க, அதுக்குப் பிறகுதான் உருட்டுறது. நேரடியா உருட்டத் தொடங்கினா ரெண்டு பக்கமும் ஒத்து வராது. லொக் வர்ற இடத்தில ரெண்டு பக்கமும் தட்டையா, ஒண்டுக்கு ஒண்டு சமாந்தரமா இல்லாம முன்னுக்கு கொஞ்சம் ஒடுங்கிற மாதிரி விடுங்க. கழுத்துக்கு முட்டை வடிவ வெட்டுமுகம். முன்கட்டையை குழலின்ர ஓரத்தில 2 மில்லிமீற்றர் மரம் நிக்கும் வரைக்கும் இறக்குங்க, கை நடுங்கும், பரவாயில்ல. மட்டை அச்சை வச்சு வச்சு பாருங்க. அரம் போட்ட பிறகு பார்க்க ஒரு லைட்டை தாழ்வா பக்கவாட்டில வச்சா மேடு பள்ளம் நிழலா தெரியும், டியூப் லைட் வெளிச்சத்தில ஒண்டும் தெரியாது.

எல்லாம் இறக்கியும் பின்பாரமா இருந்தா, பின்தட்டு பூட்ட முதல் சோங்குக்குள்ள ரெண்டு மூண்டு துளை ஆழமா போட்டு மரத்தை எடுத்திடலாம், தட்டு மூடிடும்.

லொக்கும் பித்தளையும்

லொக் தகடு ஆறு இன்ச் நீளம், நடுவில ஒரு இன்ச் உயரம், பின்பக்கம் வால் மாதிரி கூம்பும். 3 மில்லிமீற்றர் பித்தளையில வெட்டலாம், இல்லாட்டி கடினமான மரத்தில வெட்டி பெயின்ற் அடிக்கலாம். மேல மூண்டு சாமான் தெரியோணும்: கல்லைக் கடிச்சுக்கொண்டு நிக்கிற குதிரை, மருந்து வைக்கிற கிண்ணி, கல்லு வந்து மோதுற நிமிர்ந்த இரும்பு. உண்மையான லொக்கில குதிரை விழ, கல்லு அந்த இரும்பை உரசி பொறி பறந்து கிண்ணிக்குள்ள விழும், அந்த வரிசை விளங்கினா மூண்டையும் எங்க வைக்கோணும் எண்டு தானா விளங்கும். குதிரையின்ர வாய் கிண்ணிக்கு நேர மேல விழுற திசையில நிக்கோணும், கன மேடைத் துவக்கில அது வானத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கும். ஒரு ஸ்குரூவில இறுக்கமா பூட்டி கையால முன்பின் தள்ளுற மாதிரி விட்டா நடிக்க வசதி. ஸ்பிரிங் போடாதீங்க, உண்மையான கல்லும் வேண்டாம், பிள்ளையள் விரல் விடும். சாம்பல் நிற எரேசர் துண்டு போதும்.

விசைக்காப்பு, இடிதடிக் குழாய், பின்தட்டு மூண்டும் 1 மில்லிமீற்றர் பித்தளைத் தகட்டில. புறக்கோட்டை பழைய சோனகத் தெருப் பக்கம் ஹார்ட்வெயார் கடைகளில கேளுங்க, துண்டாவும் குடுப்பாங்க. பித்தளை வளைக்க வளைக்க விறைக்கும், விறைச்சத பலவந்தமா வளைச்சா வெடிக்கும், மங்கல் சிவப்பு வரும் வரைக்கும் சூடாக்கி தண்ணியில போட்டா திரும்ப இளகும். இரும்புக்கு இது மறுவளம், குழப்பிடாதீங்க. குழாயை ட்ரில் பிட் ஒண்டில சுத்தி உருட்டலாம். விசைக்காப்பை ஒடுக்கமா செய்யுங்க, இதுவும் பருத்தா முழுத் துவக்கும் பருத்துத் தெரியும்.

நிறமும் எண்ணெயும்

ஈரத்துணியால மரத்தை துடைச்சா நார் எழும்பும், காய்ஞ்ச பிறகு மெல்லிசா தேயுங்க, ரெண்டு மூண்டு தரம். மகோகனி வெளிறலா இருந்தா கடும் சாயம் தேத்தண்ணி காய்ச்சி பூசி காய விட்டு, அதுக்கு மேல இரும்பு ஆணி ஊறின வினாகிரி பூசுங்க, கண் முன்னால கறுத்துக்கொண்டு வரும். தேயிலையில இருக்கிற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து செய்யிற வேலை. கடையில விக்கிற ஸ்ரெயினை விட பழைய தோற்றம் வரும். முதல்ல கழிவுத்துண்டில பூசிப் பாருங்க, வினாகிரி கூட ஊறியிருந்தா ஒரேயடியா கரியாகிடும்.

அதுக்கு மேல லின்சீட் எண்ணெய், விரலால மெல்லிசா தேய்ச்சு மிச்சத்தை துடைச்சு எடுக்கோணும். ஒரு நாளைக்கு ஒரு பூச்சு, மழைக்காலத்தில ரெண்டு நாளுக்கு ஒண்டு. முக்கியமான விசயம்: லின்சீட் துடைச்ச துணியை சுருட்டி குப்பைக் கூடையில போடாதீங்க, அது காயேக்க தானாவே சூடாகி பத்திக்கொள்ளும். விரிச்சு கொடியில காயப்போட்டு பிறகு எறியுங்க. வார்னிஷ் அடிக்க வேண்டாம், மேடை லைட்டுக்கு கண்ணாடி மாதிரி மினுங்கும்.

குழலுக்கு கறுப்பும் கபிலமும் கலந்த மங்கல் பெயின்ற் ரெண்டு பூச்சு, காய்ஞ்ச பிறகு பென்சில் கரித்தூளை துணியில தொட்டு உரசுங்க. முன் வரிசையில இருக்கிறவனும் இரும்பு எண்டுதான் நினைப்பான். பிறகு எண்ணெய் காய்ஞ்ச கட்டையில குழலை ரெண்டு இடத்தில எபொக்சி வச்சு ஒட்டி, பித்தளைகளை சின்ன ஸ்குரூவால பூட்டுங்க.

கொண்டுபோறதும் வைக்கிறதும்

இவ்வளவு நல்லா வந்த சாமானை வெறுங்கையில தூக்கிக்கொண்டு காலி வீதியில நடக்கேலாது எண்டு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. வாயில ரெண்டு இன்ச்சுக்கு செம்மஞ்சள் டேப் சுத்துங்க, மேடைக்கு ஏறேக்க மட்டும் கழட்டலாம். நீளமான துணிப்பையில போட்டு கட்டி, பள்ளிக்கூடத்தின்ர அல்லது நாடகக்குழுவின்ர கடிதம் ஒண்டு, செய்யேக்க எடுத்த வெறும் மரத்து போட்டோ ரெண்டு மூண்டு போனில, இவ்வளவும் இருந்தா வழியில யாராச்சும் கேட்டாலும் கதை சுருக்கமா முடியும். கூட்டமா அஞ்சாறு துவக்கு கொண்டுபோறதெண்டா பெரியாக்கள் ஒருத்தர் வானில கொண்டுபோறதுதான் சரி, பிள்ளையளிட்ட குடுத்து பஸ்ஸில அனுப்பாதீங்க, முதலே பொலிஸ் நிலையத்துக்கு ஒரு சொல் சொல்லி வைக்கிறதும் நல்லது. மேடையில சத்தத்துக்கு பட்டாசு கொளுத்திற பழக்கம் சில இடத்தில இருக்கு, விடுங்க அதை, பறை ஒண்டை திரைக்கு பின்னால ஒரு அடி ஓங்கி அடிச்சா அதை விட நல்லா இருக்கும். ஒத்திகையிலயும் ஆளுக்கு நேர நீட்டாம பக்கத்தால நீட்டப் பழக்குங்க, சபையில இருந்து பார்க்க வித்தியாசம் தெரியாது.

நாடகம் முடிய சுவரில மாட்டுறதெண்டா ரெண்டு முளை, ஒண்டு கழுத்தடியில, மற்றது முன்கட்டை நடுவில. ஒரு மூலையில சாய்ச்சு வச்சா ஆறு மாசத்தில முன்கட்டை வில்லா வளைஞ்சிடும். வெளிச்சுவரில மாட்டாதீங்க, மழைக்கு ஈரம் இறங்கும், சோங்குப் பக்கம் கறையானும் பார்க்கோணும். வருசத்தில ஒருக்கா எண்ணெய் ஒரு பூச்சு. பித்தளையை மினுக்கிறதும் விடுறதும் உங்கட இஷ்டம், நான் விட்டுடுவன், மங்கினாத்தான் வேட்டைக்காரன்ர சாமான் மாதிரி இருக்கும்.